நூடுல்ஸ் கம்பெனி வளர்க்கிற காளை

மாங்காய் சீசனில் மதியம் ஒன்றரை மணிக்கு எங்கள் மாங்கூழ் ஃபேக்டரி எடைமேடையில் தலையைத் தூக்க முடியாது. டிராக்டரும் பிக்கப்பும் ரோடு வரைக்கும் நிற்கும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா மகன் போன் போடுவான். "மாமா, இன்னைக்கு நூடுல்ஸ் டீம் மேட்ச். ஸ்கோர் அனுப்பட்டுமா?"

கொரியாவில் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு ஒன்றரை மணி. அது அவனுக்குக் கல்லூரி முடிந்து வருகிற நேரம், எனக்கு லோடு இறங்குகிற நேரம். 'நூடுல்ஸ் டீம்' என்று அவன் சொன்னதை முதலில் கிண்டல் என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, டீமை வைத்திருப்பதே ஒரு நூடுல்ஸ் கம்பெனி. நோங்ஷிம். காரசாரமான ஷின் ராம்யுன் என்று சிவப்புப் பாக்கெட்டில் வருமே, அதைச் செய்கிறவர்கள். 2020-இல் டீம் டைனமிக்ஸ் என்ற அணியை வாங்க முடிவு செய்து, 2021-லிருந்து நோங்ஷிம் ரெட்ஃபோர்ஸ் என்ற பெயரில் எல்சிகே என்ற கொரிய லீக்கில் ஆட வைத்திருக்கிறார்கள். ஆடுவது லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், எதிராளி கோட்டையை யார் முதலில் உடைக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. மிச்சத்தை அவனிடம் கேட்டால் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

இதை எங்கள் பழைய மாணவர் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஒரு நண்பர் உடனே, "திங்கிற பொருள் விக்கிறவனுக்கு கேம்ல என்னப்பா வேலை? பசங்களைக் கெடுக்கிறதுக்கு இன்னொரு வழி" என்று எழுதினார். பத்துப் பேர் கைதட்டினார்கள். குரூப்பில் சண்டை வேண்டாம் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.

சிமென்ட் கம்பெனி கிரிக்கெட் டீம் வைத்திருந்தபோது நாம் யாராவது சிமென்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டோமா? 2008-இல் சென்னை அணியை ஏலத்தில் எடுத்தது இந்தியா சிமென்ட்ஸ். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு விசில் அடித்தோம், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் முதலாளி எதை விற்கிறார் என்பது இரண்டாவது கேள்வி. டீமுக்கு அவர் என்னவாக இருக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எருது விடும் விழா பார்த்திருக்கிறீர்கள். காளை வளர்க்கிறவர் வேறு, பரிசுக்குப் பணம் கொடுக்கிறவர் வேறு. பரிசு கொடுக்கிறவர் அன்றைக்கு வெள்ளை வேட்டியில் வருவார், மாலை வாங்கிக்கொள்வார், மைக்கில் பேரைச் சொல்வார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். வளர்க்கிறவருக்கு அந்த ஒரு நாள் வருஷத்தில் ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் பருத்திக்கொட்டையும் கொள்ளும் ஊற வைக்க வேண்டும், சளி பிடித்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஓடப் பழக்க வேண்டும். காளை தோற்று வந்தாலும் அன்றைக்கு ராத்திரி தீவனம் வைத்தாக வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் தோற்ற காளைக்கு அன்றைக்குத் தவிடு ஒரு பிடி கூடுதலாகவே விழும். காரணம் கேட்டால் பதில் சொல்ல மாட்டார்.

உபயதாரரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊர்ப் பண்டிகையில் பிஜிஎம்ஐ என்ற செல்போன் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு எட்டாயிரம் ரூபாய், உபயம் ஒரு பேக்கரி. பேர் வேண்டாம். அக்கா மகனும் அவன் கூட்டாளிகளுமாக நாலு பையன்களுக்கும் சட்டை அடித்துக் கொடுத்தார்கள். பையன் பேர் நெஞ்சில் எறும்பு மாதிரி, முதுகில் பேக்கரி போன் நம்பர் முழம் நீளத்துக்கு. பைனல் நடக்கும்போது கரண்ட் போய், ஜெனரேட்டர் வந்து, மறுபடி ஆடி, ராத்திரி பதினொன்றரைக்கு நம்ம பசங்கதான் ஜெயித்தார்கள். மேடையில் அட்டையில் செய்த பெரிய செக் கொடுத்தார்கள். மறுநாள் காசு கேட்கப் போனால் மூவாயிரம் கையில், மீதிக்குக் கூப்பன். "எங்க கடையில எப்ப வேணா வந்து சாப்பிட்டுக்குங்க தம்பி." ஐயாயிரம் ரூபாய்க்கு முட்டை பப்ஸ்! மூன்று மாசம் நாலு பேரும் தின்றார்கள். இவனுக்கு இப்போதும் முட்டை பப்ஸ் வாசனை வந்தால் முகம் கோணும்.

கொரியாவிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. பிபிக்யூ என்ற கோழி வறுவல் கடைக்காரர்கள் ஒரு அணிக்குத் தங்கள் பேரை வைத்தார்கள், பிபிக்யூ ஆலிவர்ஸ் என்று. 2018-இல் அணி லீக்கிலிருந்து கீழே இறங்கியது, கோழிக்கடைப் பேரும் அதோடு போனது. நோங்ஷிம் கதை வேறு மாதிரி. 2023-இல் காசு கொடுத்து நட்சத்திரங்களைப் பிடிக்காமல், தாங்களே வளர்த்த இளையோர் அணிப் பையன்களை மேலே ஏற்றி ஆட விட்டார்கள். பட்டியலில் அடியில்தான் கிடந்தார்கள். ஆனாலும் டீம் இருந்தது, சிவப்புச் சட்டை இருந்தது, மாசம் பிறந்தால் சம்பளம் இருந்தது. அந்த லீக்கில் 2021-லிருந்து கீழே இறக்குகிற வழக்கமும் கிடையாது. ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 6 கோடி வொன் என்று அப்போது வைத்தார்கள். நம்ம கணக்கில் முப்பத்தைந்து லட்சத்துக்கு மேலே. கூப்பனாக இல்லை, காசாக.

இதில் எனக்குப் பிடித்த கிளைக்கதை ஒன்று. நோங்ஷிமை ஆரம்பித்தவர் ஷின் சுன்-ஹோ. அவருடைய அண்ணன்தான் லோட்டே முதலாளி. சூயிங்கம், சாக்லேட் விற்றுப் பெரிய ஆளானவர். தம்பி 1965-இல் நூடுல்ஸ் செய்யப் போனது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. உறவு கசந்தது. 1978-இல் தம்பி கம்பெனிப் பேரிலிருந்து லோட்டேயை எடுத்துவிட்டு நோங்ஷிம் என்று வைத்தார். உழவர் மனம் என்று அர்த்தமாம். எடைமேடையில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தபோது ஒரு நிமிஷம் வெளியே நின்ற டிராக்டர்களைப் பார்த்தேன். அண்ணன் கம்பெனிக்கு பூசானில் லோட்டே ஜயன்ட்ஸ் என்று பேஸ்பால் டீம், 1982-லிருந்து. தம்பி கம்பெனிக்கு கம்ப்யூட்டர் டீம். நடுவில் 1999-லிருந்து பாதுக் என்கிற பலகை ஆட்டத்துக்கு நோங்ஷிம் பேரில் ஒரு கோப்பை, கொரியா, சீனா, ஜப்பான் மூன்று நாட்டு அணிகளும் மோதுவது. ஆக, இது நேற்று முளைத்த ஆசை இல்லை.

சொந்தமாக வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஹைத்தாய் என்று ஒரு பிஸ்கட், மிட்டாய் கம்பெனி. அவர்களுடைய டைகர்ஸ் பேஸ்பால் அணி 1983-லிருந்து 1997-க்குள் ஒன்பது முறை சாம்பியன். கம்பெனி கடனில் மூழ்கியது, 2001-இல் அணி கியா கார்க்காரர்கள் கைக்குப் போனது. வளர்த்தவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் காளையை சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டும். அது யார் கையிலும் இல்லை.

ஆனால் நம் நாட்டில் இத்தனை நாள் விளையாட்டுக்கு எந்தக் காசு வந்தது என்று யோசியுங்கள். ரம்மி, ஃபேன்டஸி ஆப் காசு. ஆட்டம் பார்க்கிறவனையே பணம் கட்ட வைத்து, அவன் தோற்றதிலிருந்து வந்த காசு. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசு தடை போட்டது, அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது இந்த மாதிரி கேம் போட்டிகளை, விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டது. ட்ரீம்11 என்ற ஃபேன்டஸி ஆப் இந்திய கிரிக்கெட் சட்டையிலிருந்தே போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு நூடுல்ஸ்காரரோ ஊறுகாய்க்காரரோ வந்து உட்கார்ந்தால் எனக்கு நிம்மதிதான். என் மருமகன் நூடுல்ஸ் வாங்கினால் நூடுல்ஸாவது கைக்கு வருகிறது. அந்த ஆப்பில் கட்டியவர்களுக்கு என்ன வந்தது என்று எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் கேட்கலாம்.

உப்பு அதிகம், மைதா என்று சொல்வீர்கள். சரிதான். அக்காவும் அதையேதான் சொல்கிறாள். ராகிக் களி தின்று வளர்ந்த வீட்டில் டம்ளர் டம்ளராக வெந்நீர் கொதிக்க வைத்துக்கொண்டு நிற்கிறான் என்று திட்டுகிறாள். டீம் சட்டையைக் காட்டிச் சின்னப் பிள்ளைகளிடம் தினமும் பாக்கெட்டை நீட்டினால் நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். இந்த ஒரு விஷயத்தில் வாட்ஸப் நண்பருக்குப் பாதி மார்க் போடலாம்.

நம்ம ஊரில் ஏன் இப்படி ஒரு டீம் இல்லை என்று அவன் ஒருநாள் கேட்டான். "உங்க கூழ் ஃபேக்டரியும் ஃபுட் கம்பெனிதானே மாமா?" தான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சீசனுக்கு எத்தனை லோடு பெங்களூரா ரக மாங்காய் கூழாகிறது என்பது எடை போடுகிற எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூழ் பையில் அடைத்து, நீல டிரம்மில் இறங்கி, லாரி ஏறிப் போகும்போது அதன் மேல் இருப்பது பேட்ச் நம்பரும் தேதியும் எடையும்தான். வேறு யாரோ ஜூஸ் பாட்டிலில் ஊற்றி, வேறு பேர் ஒட்டி, நடிகரை வைத்து விளம்பரம் போட்டு நமக்கே விற்பார்கள். நோங்ஷிம் டீம் வாங்கியதற்குக் காரணம், கடைக்குப் போகிற பையன் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்பான் என்பது. எங்கள் டிரம்மை யார் பேர் சொல்லிக் கேட்பார்? கிலோ ஐந்தாறு ரூபாய்க்கு மாங்காய் போட்டுவிட்டு, வண்டி வாடகைக்கே சரியாகப் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போகிற விவசாயிக்கும் இதுதான் பிரச்சினை. பேர் இருக்கிற இடத்துக்குத்தான் காசு போகிறது. இதில் கேம் டீம் எங்கே வாங்குவது.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் போனைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். பிறகு, "சரி மாமா, பேர்தானே பிரச்சினை? நாங்க வச்சுத் தர்றோம்" என்றான். மாங்காய் பேரையே வைக்கலாம், பெங்களூரா பாய்ஸ் என்று வையேன் என்றேன்.

"வேணாம் மாமா. பெங்களூர் டீம்னு நினைச்சுக்குவாங்க."