நெப்போலியன் வருவதற்கு முன்பே செத்துப்போன சட்டம்

பிரெஞ்சுப் புரட்சியைப் படிக்கிறவர்கள் பாஸ்டில் சிறையில் தொடங்குகிறோம், கில்லட்டின் அருகே கொஞ்ச நேரம் நிற்கிறோம், அங்கிருந்து ஒரே தாவலில் நெப்போலியனிடம் போய்விடுகிறோம். நடுவே நான்கு ஆண்டுகள் ஒரு குடியரசு நடந்தது. அதற்கு 377 பிரிவுகள் கொண்ட அரசியலமைப்புச் சட்டமும் இருந்தது. நம் பாடப்புத்தகங்கள் அதைப் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடும்: திறமையற்ற, ஊழல் மலிந்த டைரக்டரி ஆட்சியை நெப்போலியன் கவிழ்த்தார். (ஐந்து இயக்குநர்கள் கூடி நடத்திய அந்தக் குடியரசின் அரசுக்குத்தான் டைரக்டரி என்று பெயர்.) அந்த வரியோடு எனக்கு நெடுநாள் சண்டை. ஊழல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தைக் கொன்றவர் நெப்போலியன் அல்ல. எழுதியவர்களே கொன்றார்கள், அவர் வந்து சேர்ந்தது காரியத்துக்கு.

1795ஆம் ஆண்டின் பாரிஸை நினைத்துப் பாருங்கள். பயங்கர ஆட்சி நடத்திய ரோபஸ்பியரின் தலை விழுந்து ஓராண்டுகூட ஆகவில்லை. விலைக்கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள், காகிதப் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்தது, ரொட்டிக்கு வரிசை. மே 20 அன்று கூட்டம், அப்போது நாட்டை ஆண்ட கன்வென்ஷன் சபைக்குள் புகுந்தது. அவர்கள் கேட்டவை இரண்டு: ரொட்டி, 1793ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம். அந்தப் பழைய சட்டம் வயதுவந்த ஆண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை அளித்தது. மக்கள் வாக்கெடுப்பில் வென்றும் ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. அமைதி திரும்பும்வரை என்று சொல்லி, தேவதாரு மரப்பெட்டியில் போட்டுச் சபைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

அன்று கூட்டம் ஃபெரோ என்ற உறுப்பினரைக் கொன்று, தலையை ஈட்டியில் செருகி, தலைமை நாற்காலியில் இருந்த புவாஸி தாங்லாவின் முகத்துக்கு நேரே நீட்டியது. அவர் அந்தத் தலைக்கு வணக்கம் செலுத்தினார். புதிய சட்டத்தை எழுத அமர்த்தப்பட்ட பதினொருவர் குழுவில் அவரும் ஒருவர். அடுத்த மாதமே சபையில் பேசும்போது, சொத்துள்ளவர்கள் ஆளும் நாட்டில்தான் சமூக ஒழுங்கு இருக்கும், சொத்தில்லாதவர்கள் ஆண்டால் காட்டு நிலைதான் என்றார். அந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தத் தலையைப் பார்த்த மனிதரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

ஆகஸ்ட் 22 அன்று சபை நிறைவேற்றிய சட்டத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பயம் தெரிகிறது. ஒரே அவை இருந்தால் இன்னொரு ரோபஸ்பியர் முளைப்பான். ஆகவே இரண்டு அவைகள், ஐந்நூற்றுவர் அவையும் 250 பேர் கொண்ட மூத்தோர் அவையும். மூத்தோர் அவையில் உட்கார 40 வயது ஆகியிருக்க வேண்டும், திருமணம் ஆனவராகவோ மனைவியை இழந்தவராகவோ இருக்க வேண்டும். கட்டைப் பிரம்மச்சாரியை நம்பி நாட்டைக் கொடுக்கமாட்டார்களாம். ஒருவர் தலைமையில் இருந்தால் மன்னராகிவிடுவார். ஆகவே ஐந்து இயக்குநர்கள், ஆண்டுக்கு ஒருவர் சீட்டுக் குலுக்கலில் வெளியேற வேண்டும், தலைமைப் பொறுப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைமாறும். கருவூலச் சாவியும் அவர்களிடம் இல்லை, அதற்குத் தனி ஆணையர்கள். அவைகள் கூடும் ஊரிலிருந்து 60 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், அவைகளின் அனுமதி இல்லாமல் இயக்குநர்கள் படையைக் கொண்டுவரக் கூடாது.

வாக்குரிமை நேரடி வரி கட்டும் ஆண்களுக்கும் குடியரசுக்காகப் போரிட்ட வீரர்களுக்கும் மட்டும். அவர்களும் பிரதிநிதிகளை நேராகத் தேர்ந்தெடுக்க முடியாது, தேர்வாளர்களைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேர்வாளர் ஆவதற்கு வேண்டிய சொத்துத் தகுதியைப் பார்த்தால், இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களில் சுமார் 30,000 பேர்தான் தேறினார்கள்.

(நம் பக்கத்துச் செய்தி ஒன்று. காலனிகளும் குடியரசின் பிரிக்க முடியாத பகுதி, அவற்றுக்கும் இதே சட்டம்தான் என்று எழுதி, ஏழாம் பிரிவில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, சந்திரநாகூரைப் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். அப்போது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.)

இத்தனை பூட்டுப் போட்டவர்கள் ஒன்றை மறந்தார்கள். அவைகளும் இயக்குநர்களும் முட்டிக்கொண்டால் என்ன செய்வது? இயக்குநர்களால் அவைகளைக் கலைக்க முடியாது, மசோதாவைத் தடுக்க முடியாது. அவைகளால் குற்றவிசாரணை இல்லாமல் இயக்குநரை நீக்க முடியாது. சட்டத்தைத் திருத்தலாம் என்றால், மூத்தோர் அவை முன்மொழிந்து ஐந்நூற்றுவர் அவை ஏற்கும் அந்தக் கோரிக்கை, மும்மூன்று ஆண்டு இடைவெளியில், ஒன்பது ஆண்டுக்குள் மூன்று முறை நிறைவேற வேண்டும். சட்டம் உயிரோடு இருந்ததே நான்கு ஆண்டுகள்தான்.

ஆனாலும் அமைப்பில் இருந்த ஓட்டை மட்டும் அதை வீழ்த்தியதாக நான் நினைக்கவில்லை. ஓட்டைச் சட்டங்களோடு எத்தனையோ நாடுகள் காலம் தள்ளியிருக்கின்றன. அழிவு தொடங்கியது பிறந்த வாரத்திலேயே. மக்களை நம்பி இப்போது தேர்தல் நடத்தினால் மன்னர் ஆதரவாளர்கள் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்ட கன்வென்ஷன் உறுப்பினர்கள், புதிய அவைகளில் மூன்றில் இரண்டு பங்கு இடம், அதாவது 750இல் 500, தங்களில் இருந்தே நிரப்பப்பட வேண்டும் என்று தனியாக ஓர் ஆணை போட்டார்கள். 1791இல் பழைய உறுப்பினர்கள் மறுபடி நிற்கத் தடை விதித்து அனுபவமில்லாத அவையை உண்டாக்கியது பெரிய தவறு, அதிலிருந்து கற்ற பாடம் இது என்று நியாயம் சொன்னார்கள். வாக்காளர்கள் ஏமாறவில்லை. சட்டத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் ஆம் என்றார்கள்; ஆணைக்கு ஆம் என்றவர்கள் சுமார் இரண்டு லட்சம். மற்றவர்களின் பதிலை அக்டோபர் 5 அன்று பாரிஸ் தெருவில் கேட்டார்கள். கிளர்ச்சியை அடக்க சேன் ரோக் தேவாலயத்தின் அருகே பீரங்கிகளை முழங்கவைத்த 26 வயது அதிகாரியின் பெயர் நெப்போலியன் பொனபார்ட். புதிய சட்டம் பதவியேற்றதே பீரங்கிப் புகையில்தான்.

நவம்பர் தொடக்கத்தில் இயக்குநர்கள் லக்சம்பர்க் அரண்மனைக்குள் நுழைந்தபோது அறைகளில் ஒரு சாமான்கூட இல்லை. காவலாளியிடம் கடன் வாங்கிய ஆடும் மேசை, சில வைக்கோல் நாற்காலிகள், ஒரு கடிதத் தாள். அந்தத் தாளில்தான் ஆட்சி தொடங்கிவிட்டதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். இந்தக் காட்சியைப் படிக்கும்போது அவர்கள் மீது எனக்கு இரக்கம்தான் வருகிறது. வேலையும் செய்தார்கள்: காகிதப் பணம் அச்சடிக்கும் தகடுகளை வென்டோம் சதுக்கத்தில் உடைத்தார்கள், வரிவசூலை ஒழுங்குபடுத்தினார்கள்.

1797 வசந்தத்தில் முதல் உண்மையான தேர்தல். பதவிக்காலம் முடிந்த பழைய கன்வென்ஷன்காரர்கள் இருநூற்றுக்கும் மேல். திரும்ப வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். வலதுசாரிகள் வென்றார்கள். செப்டம்பர் 4 அதிகாலையில் பாராஸ் உள்ளிட்ட மூன்று இயக்குநர்கள் ஓஷரோ தளபதியின் படையைப் பாரிஸுக்குள் இறக்கினார்கள். அந்த 60 கிலோமீட்டர் எல்லை என்ன ஆயிற்று என்று கேட்க யாருமில்லை. 49 மாவட்டங்களின் தேர்தல் செல்லாது. சக இயக்குநர் கார்னோ தப்பி ஓடினார், இன்னொருவரான பார்தெலெமி தென் அமெரிக்காவில் இருந்த கயானா காலனிக்கு நாடுகடத்தப்பட்டார். ரத்தம் சிந்தாமலே கொல்லும் அந்த தண்டனைக்கு மக்கள் வைத்த பெயர் 'உலர் கில்லட்டின்'.

தளபதி பிஷெக்ரு போன்றவர்கள் உண்மையிலேயே மன்னர் தரப்போடு சதி செய்தார்களே என்று கேட்பீர்கள். செய்தார்கள்தான். சதிகாரனை விசாரித்துத் தண்டியுங்கள். 49 மாவட்டத்து வாக்காளர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

ருசி கண்ட பூனை உறியை விடுமா? 1798 தேர்தலில் இடதுசாரிகள் வென்றார்கள். மே 11 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட அவர்களின் வெற்றி ரத்து. 1799 ஜூனில் முறை மாறியது, அவைகள் இயக்குநர்களை மிரட்டி வெளியேற்றின. ஒரு தேர்தலின் முடிவையாவது பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றிருந்தால் இந்தச் சட்டம் பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு நவம்பர் 9 அன்று நெப்போலியனின் ஆட்சிக் கவிழ்ப்பு தொடங்கியது. அன்று அவைகளைப் பாரிஸிலிருந்து பக்கத்தில் இருந்த சேன் குளூவுக்கு மாற்றியது சட்டத்தில் இருந்த ஒரு பிரிவின்படியேதான். இடம் மாற்றும் அதிகாரம் மூத்தோர் அவைக்கு உண்டு. மறுநாள் அங்கே அரசியலமைப்பைப் பற்றி யாரோ நினைவூட்டியபோது, அதை நீங்களே மூன்று முறை மீறிவிட்டீர்கள், இப்போது யார் மதிக்கிறார்கள் என்று பொனபார்ட் நாள் சொல்லித் திருப்பிக் கேட்டார். பதில் சொல்ல அங்கே எவருக்கும் யோக்கியதை இல்லை. கொஞ்ச நேரத்தில் முரசு அடித்துக்கொண்டு படைவீரர்கள் நுழைய, ஐந்நூற்றுவர் சன்னல் வழியே குதித்து ஓடினார்கள்.

டிசம்பரில் வந்த புதிய சட்டத்துக்கு 95 பிரிவுகள். உரிமைப் பிரகடனம் கிடையாது. பழைய சட்டத்தை எழுதியவர்களில் முக்கியமானவரான தோனு, இதை எழுதவும் உட்கார்ந்தார். புவாஸி தாங்லா நெப்போலியனிடம் செனட்டர் ஆனார், பிறகு 'கவுண்ட்' பட்டம் பெற்றார். 1814இல் மன்னர் திரும்பி வந்தபோது பிரபுக்கள் அவையிலும் அவருக்கு நாற்காலி கிடைத்தது.