டாக்டருக்கு வந்தால்தான் நம்புவீர்களா?

அந்தப் பேட்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். புற்றுநோய் சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய ஒரு மனநல மருத்துவர், "இப்போது நோயாளிகளிடம் நான் கேட்கிற கேள்விகளே மாறிவிட்டன" என்றார். அதற்கு இவ்வளவு நக்கலா? "முதலில் டாக்டரை யாராவது டாக்டரிடம் கூட்டிப்போங்கள்" என்றாராம் ஒரு புத்திசாலி.

அவர் பேசியது கருணையைப் பற்றி இல்லை. கேள்விகளைப் பற்றி. திரும்பவும் சொல்கிறேன், கேள்விகள்.

நான் பைபோலாருக்கு, அதாவது மனசு ஒருசமயம் உச்சத்திலும் ஒருசமயம் பாதாளத்திலும் போகிற நோய்க்கு, லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவன். அதனால் கை நடுங்கும். சொல்லும்போதெல்லாம் என் டாக்டர், "லேசான நடுக்கம்தானே, சமாளிக்கலாம்" என்று மருந்துச்சீட்டைப் பார்த்தபடியே சொல்வார். நல்ல மனிதர்தான். அப்புறம் அவருக்கு லிம்போமா என்கிற புற்றுநோய் வந்தது. கீமோ முடிந்து திரும்பியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "நாலு பேர் பார்க்கக் கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" கீமோவில் அவருக்கு விரல்நுனி மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போட ஆள் தேவைப்பட்டதாம். கூடவே கொடுத்த ஸ்டீராய்டில் ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் மனசு தறிகெட்டு ஓடியதாம். ஸ்டீராய்டு சிலரை மேனியா வரை, அதாவது பைபோலாரின் அந்த உச்ச நிலை வரை, கொண்டுபோகும் என்பது அவர் பாடமாகப் படித்ததுதான். நடுக்கம் மருந்து கூடியதாலோ என்று அன்றைக்கே என் ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்கச் சொன்னார். சோர்வு என்றேன். முன்பானால் அதுவும் மனசின் கணக்கில் போயிருக்கும். இந்த முறை தைராய்டு டெஸ்ட் எழுதினார், லித்தியம் தைராய்டு சுரப்பைக் குறைத்துச் சோர்வு தரலாம் என்பதால்.

"அப்போ எல்லா டாக்டருக்கும் புற்றுநோய் வரணுமா?" ஆமாம் சார், அதைத்தான் மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன், நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள். தன் கஷ்டத்தைச் சொல்லி நோயாளிமேல் பாரம் ஏற்றக் கூடாது என்கிறார்கள், அது நியாயம். யாரிடம், எவ்வளவு என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சரி, விடுங்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், பைபோலார் பற்றிய பாடநூலை எழுதியவர்களில் ஒருவர். தனக்கே அந்த நோய் என்று 1995இல் புத்தகம் எழுதினார். லித்தியம் அதிகமாக எடுத்த காலத்தில் ஒரு புத்தகத்தைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியவில்லை என்று அதில் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். அதையே நாங்கள் சொன்னால்? "மாத்திரையை நிறுத்தச் சாக்குத் தேடுகிறான்."

உண்மையைச் சொன்னால், இப்போது நக்கலடித்தவர்களைவிட அந்தப் பேட்டியைப் பாராட்டியவர்கள்மேல்தான் எரிச்சல் அதிகமாக வருகிறது. "என்ன ஒரு புதிய பார்வை!" எது புதிது? வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருக்கிற எங்களில் யாரிடம் கேட்டிருந்தாலும் என்றைக்கோ சொல்லியிருப்போமே. கேட்டீர்களா?