அங்கே பனி கொட்டுகிறதா?

(கொலம்பியாவில் கார்த்தஹேனா நகரம். ஜனவரி 27, மாலை ஐந்தரை மணி. கடலைப் பார்த்த பழைய கோட்டை மதில்மேல், துருப்பிடித்த பீரங்கி ஒன்றின் பக்கத்தில் ஒரு தம்பதி. கணவர் டொராண்டோவில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மனைவி அந்த முப்பது வருடமும் அவரையே கணக்குப் பார்த்தவர். ஆறு வாரத்துக்கு வீடு பிடித்துக்கொண்டு குளிருக்குத் தப்பி வந்திருக்கிறார்கள். காற்று பலமாக அடிக்கிறது. கணவர் ஒரு கையால் தொப்பியைப் பிடித்திருக்கிறார். மறு கையில் கைப்பேசி.)

மனைவி: என்னங்க, சூரியன் இறங்குகிறது பாருங்கள். இதைப் பார்க்கத்தானே நாலு மணிக்கே கிளப்பிக்கொண்டு வந்தீர்கள்?

கணவர்: ஒரு நிமிஷம் இரு. சூரியன் எங்கே போய்விடப் போகிறது?

மனைவி: போகத்தான் போகிறது. அதற்குத்தான் அஸ்தமனம் என்று பெயர்.

கணவர்: நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது... வந்துவிட்டது. டொராண்டோ... ஐயோ!

மனைவி: என்ன? வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதா?

கணவர்: அதைவிட மோசம். பிளஸ் ஏழு.

மனைவி: என்ன பிளஸ் ஏழு?

கணவர்: வெப்பநிலை! ஜனவரி மாதத்தில் டொராண்டோவில் பிளஸ் ஏழு! பக்கத்தில் சூரியன் படம் வேறு போட்டிருக்கிறான். என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கிறது.

மனைவி: நல்லதுதானே? ஜனங்கள் கொஞ்சம் மூச்சு விடட்டும்.

கணவர்: ஜனங்கள் மூச்சு விடுவதற்கா நான் இங்கே ஆறு வார வாடகை கட்டினேன்? இந்த 31 டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நான் காசு கொடுத்தது வித்தியாசத்துக்கு. போன வாரம் அங்கே மைனஸ் 22, இங்கே 31. வித்தியாசம் 53. இன்றைக்கு வெறும் 24. பாதிக்கு மேல் போய்விட்டது.

மனைவி: வியர்வை என்னவோ அதே அளவுதான் வருகிறது.

கணவர்: உனக்குப் புரியாது. பக்கத்து வீட்டு அண்ணர் படம் அனுப்பியிருக்கிறார், பார். அரைக்கைச் சட்டையோடு வாசலில் நின்று கார் கழுவுகிறார். கீழே, "இஞ்ச நல்ல வெயில், நீங்கள் ஏன் அவ்வளவு தூரம் போனனீங்கள்?" என்று ஒரு வரி. இரண்டு நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்குள் போய்ப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தால், இவர் என்னைப் பார்க்கிறார்.

மனைவி: பாவம், நல்ல மனுஷர். ஆள் போய்ப் பார்க்காத வீட்டில் குழாய் உறைந்து வெடித்தால் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள் என்று புலம்பியது நீங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை பூட்ஸ் மாட்டிக்கொண்டு போவது அவர்.

கணவர்: இன்றைக்குப் பூட்ஸ் போடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செருப்பு.

(கீழே சதுக்கத்தில் பழக்கூடையைத் தலையில் ஏந்திய பெண்மணி ஒருவர் போகிறார். மஞ்சள், நீலம், சிவப்பில் விசிறி மாதிரிப் பாவாடை. கணவர் சட்டென்று கைப்பேசியைக் கவிழ்த்துக்கொள்கிறார்.)

மனைவி: ஏன் பயப்படுகிறீர்கள்? படம் எடுத்தால்தானே காசு கேட்பார்கள்?

கணவர்: அன்றைக்கு நான் எடுத்தது கட்டடத்தை. அந்த அம்மாள் ஓரத்தில் நின்றார்.

மனைவி: ஓரத்திலா? படத்தில் முக்கால்வாசி அவரும் பப்பாளியும்தான். பலென்கேயிலிருந்து தினமும் வருகிறார்களாம். அந்தக் காலத்தில் தப்பி ஓடிய அடிமைகள் தாங்களாகவே கட்டிக்கொண்ட ஊர். அவர் கேட்டது நியாயம்தான். நீங்கள்தான் நூறு பெசோ நாணயத்தை நீட்டினீர்கள்.

கணவர்: நூறு என்றால் நூறுதானே?

மனைவி: ஒரு கனடா டாலருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பெசோ. நீங்கள் நீட்டியதற்கு அந்த அம்மாள் சிரித்ததே பெரிய மரியாதை.

(இந்த ஊர்ப் பணத்தோடு இவருக்கு முதல் நாளிலிருந்தே தகராறு. ஏடிஎம்மில் ஆறு லட்சம் எடுத்துவிட்டு அரைமணி நேரம் லட்சாதிபதியாக நடந்தார். இரவு ஒரு சாப்பாட்டுக் கடையில் எல்லாம் முடிந்தது.)

கணவர்: அந்த மெனு கார்டை நான் மறக்கவே மாட்டேன். மீன் வறுவலுக்கு நேராக டாலர் குறி, 45, ஒரு புள்ளி, மூன்று பூஜ்யம். நான் நினைத்தேன், 45 டாலர், அதையும் மூன்று தசமம் வரை துல்லியமாகப் போட்டிருக்கிறார்கள், நல்ல கணக்குப்பிள்ளை வைத்திருக்கிறார்கள் என்று.

மனைவி: "ஒரு மீனை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்ளலாம்" என்றீர்கள். எனக்கு வால் பக்கம்.

கணவர்: பெசோவுக்கும் அதே டாலர் குறி, ஆயிரத்துக்கு நடுவில் கமாவுக்குப் பதில் புள்ளி என்று எவனாவது விமானத்திலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

மனைவி: மறுநாள் விஷயம் தெரிந்ததும் ஒரே வேளையில் மூன்று மீன் சாப்பிட்டீர்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணவர்: நீ மட்டும் எப்படித்தான் இந்த ஊரில் சமாளிக்கிறாயோ. காலையில் வீட்டுக்காரம்மாவோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாயே, எந்த பாஷையில்?

மனைவி: ஸ்பானிஷில்தான். பாதி நமக்குத் தெரிந்ததுதானே? மேசைக்கு மேசா. துவாலைக்குத் தோவாயா. பக்கத்து வீட்டு அண்ணர் பூட்ஸைச் சப்பாத்து என்பாரே, இங்கே சப்பாத்தோ. எல்லாம் போர்த்துக்கீசியர் நம் பக்கம் விட்டுவிட்டுப் போனது. ஸ்பானிஷ் அவர்கள் மொழிக்குப் பங்காளி.

கணவர்: மேசை, துவாலை, சப்பாத்து. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமா?

மனைவி: மீதிக்கு உங்களைப் பற்றிப் பேசினோம். அதற்குக் கையும் முகமும் போதும்.

(தெர்மாஸ்களை மரத்தட்டில் அடுக்கியபடி ஒரு காப்பிக்காரர் வருகிறார். மனைவி இரண்டு விரலைக் காட்டி "தின்தோ" என்கிறார். விரற்கடை உயரப் பிளாஸ்டிக் கோப்பையில் இரண்டு கருங்காப்பி. இனிப்பு தூக்கல்.)

கணவர்: பால்?

மனைவி: தின்தோ என்றால் பால் கிடையாது. தினமும் கேட்கிறீர்கள், தினமும் இல்லை என்கிறார்.

கணவர்: நாளைக்கு மனசு மாறலாம் இல்லையா? (உறிஞ்சுகிறார்.) ...அந்த பிளஸ் ஏழு நெஞ்சிலேயே நிற்கிறது.

மனைவி: சரி, காலையில் சான் ஃபெலிப்பே கோட்டைக்குப் போனோமே, வாசலில் ஒரு ஒற்றைக்கால் சிலை இருந்ததே, அந்தக் கதையைக் கேட்டீர்களா?

கணவர்: வழிகாட்டி பேசும்போது நான் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன்.

மனைவி: தெரியும். அவர் பெயர் பிளாஸ் தெ லெசோ. அப்போது இந்த ஊரைக் காத்த ஸ்பெயின் தளபதி. ஒரு கால் கிடையாது, ஒரு கண் கிடையாது, ஒரு கையும் வேலைக்கு ஆகாது. 1741-இல் இங்கிலாந்தின் வெர்னன் என்ற அட்மிரல் 180-க்கு மேற்பட்ட கப்பல்களோடு இந்த ஊரைப் பிடிக்க வந்தார். லெசோ கையில் இருந்தது ஆறு போர்க்கப்பல்.

கணவர்: கணக்கு உதைக்கிறதே.

மனைவி: கேளுங்கள். துறைமுக வாயிலில் இருந்த கோட்டை விழுந்ததும், வெர்னன் ஊர் நமதுதான் என்று இங்கிலாந்துக்குச் சேதி அனுப்பிவிட்டார். அங்கே ஒரே கொண்டாட்டம். பதக்கமே அடித்துவிட்டார்கள். வெர்னன் நிற்கிறார், லெசோ மண்டியிட்டு வாளை நீட்டுகிறார்.

கணவர்: ஒற்றைக் காலோடு எப்படி மண்டியிடுவது?

மனைவி: பதக்கத்தில் இரண்டு காலையும் கொடுத்துவிட்டார்கள். நொண்டியை ஜெயித்தேன் என்று போட்டால் நன்றாகவா இருக்கும்?

கணவர்: அப்புறம்?

மனைவி: அப்புறம் என்ன, நாம் காலையில் மூச்சு வாங்க ஏறினோமே, அதே கோட்டையில் அவர்களால் ஏற முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மே மாதம் மூட்டை கட்டிவிட்டார்கள். பதக்கம் மட்டும் மிச்சம்.

கணவர்: சரி, இதை எதற்கு இப்போது எனக்குச் சொல்கிறாய்?

மனைவி: சும்மாதான். போன வாரம் குடும்பக் குரூப்பில் நீங்கள் போட்ட சேதியை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

கணவர்: ...நாற்பத்தொரு பேர்.

மனைவி: என்ன எழுதியிருந்தீர்கள்? எனக்குச் சரியாக ஞாபகமில்லை.

கணவர்: உனக்கு ஞாபகமில்லையா? உனக்கா?

மனைவி: "மைனஸ் 22-இல் மண்வெட்டியோடு நிற்கும் சொந்தங்களுக்கு, 31 டிகிரியிலிருந்து ஓர் இளநீர் வணக்கம்." கூடவே உங்கள் இரண்டு கால் படம்.

கணவர்: கடல் தெரிய எடுத்தேன்.

மனைவி: கடல் கட்டைவிரலுக்குப் பின்னால் இருந்தது.

கணவர்: அந்தச் சேதியை இப்போது அழிக்க முடியுமா?

மனைவி: நாலு நாள் ஆகிவிட்டது, எல்லாரும் பார்த்தாயிற்று. உங்கள் தம்பி இன்றைக்குப் பதில் போட்டிருக்கிறார். நீங்கள் பார்க்கவில்லையா? தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற படம். "அண்ணா, அங்கே ரொம்பப் புழுக்கமோ?" என்று கேட்டிருக்கிறார்.

(கணவர் தொப்பியை விட்டுவிடுகிறார். காற்று அதற்காகவே காத்திருந்தது போலத் தூக்கிக்கொண்டு போகிறது. தொப்பி மதிலைத் தாண்டி ஒரு வீட்டு மர பால்கனியில் காகிதப்பூக் கொடிமேல் போய் உட்கார்கிறது.)

மனைவி: போய்க் கதவைத் தட்டிக் கேளுங்கள். அதோ, பல்லி வைத்த கதவு.

கணவர்: பல்லி வேண்டாம். ராஜ பரம்பரை என்று சொன்னார்களே.

மனைவி: அதையாவது காதில் வாங்கினீர்களே! கதவு தட்டுகிற பித்தளைப் பிடியில் பல்லி இருந்தால் ராஜ வம்சம், சிங்கம் இருந்தால் படைக்காரர், மீன் இருந்தால் கடல் வியாபாரி என்று வழிகாட்டி சொன்னார்.

கணவர்: நம் வீட்டுக் கதவில் என்ன வைத்திருப்பார்கள்?

மனைவி: பனி வாருகிற மண்வெட்டி.

கணவர்: (சிரிப்பை அடக்கியபடி) அந்தப் பையன் தொப்பியை எடுத்துக்கொண்டு வருகிறான், பார். எவ்வளவு கொடுக்க?

மனைவி: நூறு கொடுத்துவிடாதீர்கள்.

(தொப்பி வந்து சேர்கிறது. பையனுக்குக் கிடைத்தது அவன் எதிர்பார்த்ததைவிட அதிகம். இவர் பயத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்துக் கொடுத்துவிட்டார். சூரியன் கடலைத் தொடுகிறது. மதில் முழுக்கக் கூட்டம் கைதட்டுகிறது. கணவர் மறுபடி கைப்பேசியைப் பார்க்கிறார். முகம் மலர்கிறது.)

கணவர்: கைதட்டுகிறார்களே, சரியான நேரத்தில்தான் தட்டுகிறார்கள்! பார் இதை. வியாழக்கிழமை டொராண்டோவில் பனிப்புயல் எச்சரிக்கை. முப்பது சென்டிமீட்டர்! காற்றோடு சேர்த்து மைனஸ் 26! நான்தான் சொன்னேனே, இந்த வெயிலெல்லாம் சும்மா கண்துடைப்பு என்று.

மனைவி: நீங்கள் எங்கே சொன்னீர்கள்?

கணவர்: மனசுக்குள் சொன்னேன். இரு, குரூப்பில் போட்டுவிடுகிறேன். "அன்புச் சொந்தங்களே, வியாழக்கிழமை உங்களை நினைத்து நான்..."

மனைவி: வியாழக்கிழமையா?

கணவர்: வியாழக்கிழமைதான். தெரு முழுக்கப் பனியைத் தள்ளிக்கொண்டு வரும் வண்டி, என் தம்பி வாசல் முனையில் இடுப்பளவு வரப்புக் கட்டிவிட்டுப் போகும். கல் மாதிரி இறுகியிருக்கும். நாற்காலி போட்டு உட்காரட்டும், பார்க்கலாம்.

மனைவி: தேதி 29 தானே?

கணவர்: 29... (தட்டச்சு நின்றுவிடுகிறது.)

மனைவி: நான் மார்ச் வரை இருக்கலாம் என்றேன். பன்னிரண்டு மாதத்தில் 153 நாள் நம் ஒன்டாரியோ மாகாணத்தில் இருந்தால் மருத்துவ அட்டைக்குப் பிரச்சினை இல்லை என்று கணக்கும் போட்டுக் காட்டினேன். 29-ஆம் தேதி திரும்புகிற டிக்கெட்தான் இருப்பதிலேயே மலிவு என்றது யார்?

(கணவர் எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழிக்கிறார். 'அன்பு' மட்டும் கொஞ்ச நேரம் நிற்கிறது. பிறகு அதுவும் போகிறது.)

கணவர்: ஏம்மா...

மனைவி: சொல்லுங்கள்.

கணவர்: டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப்போட எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பார்க்கலாமா?

மனைவி: நேற்றே கேட்டுவிட்டேன். பெசோவில் சொல்லவா, டாலரில் சொல்லவா?

கணவர்: டாலரில் சொல். பெசோ வேண்டாம், நெஞ்சு தாங்காது. ...இல்லை, இரு. முதலில் இன்னொரு தின்தோ சொல்லு. பால் இருக்கிறதா என்று கேள்.