சிங்கியை நிறுக்க வேண்டிய இடம் கரை

நெல்லை மாவட்டத்தில் கூட்டப்புளி முதல் கூட்டப்பனை வரை நம்ம கடலில் கரையை ஒட்டியே பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, கிடப்பதால்தான் சிங்கி இறால் இருக்கிறது. அது குறைகிறதா என்று கேட்டால், "போன வருசமும் இவ்வளவு கிலோ ஏலம் போச்சே" என்று பதில் வருகிறது. மொத்தக் கிலோவை நம்பக் கூடாது. ஒரு வள்ளம் முன்பு 10 துண்டு வலை பாய்ச்சி 5 கிலோ எடுத்தது, இப்போது 25 துண்டு பாய்ச்சி 6 கிலோ எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலக் கணக்குப்படி பாடு, அதாவது பிடிபட்ட அளவு, கூடியிருக்கிறது. ஆனால் துண்டுக்கு 500 கிராம் கிடைத்த இடத்தில் இன்று 240 கிராம். கடலில் இருப்பு பாதியாகிவிட்டதை அதிக வலை போட்டு மறைக்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவே ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு நோட்டு வேண்டும். எத்தனை துண்டு வலை, எத்தனை இரவு கிடந்தது, எத்தனை சிங்கி, ஒவ்வொன்றின் எடை, ஆணா பெண்ணா, சினை உண்டா. பெண்ணைக் கண்டுபிடிக்கக் கடைசிக் காலின் நுனியைப் பார்த்தால் போதும், சின்ன இடுக்கி மாதிரி இருக்கும். முடிந்தால் தலையோட்டையும் அளக்கலாம்: கண்களுக்கு நடுவிலிருந்து ஓட்டின் பின்விளிம்பு வரை, மேல்பக்கமாக நேர்கோட்டில். மீசையையும் வாலையும் சேர்த்து அளந்தால் கணக்கு கெட்டுப்போகும், மீசை ஒடிந்த சிங்கியும் நிறைய வரும். நம்ம பக்கம் அதிகம் கிடைக்கும் ஹோமாரஸ் இனம், தலையோட்டின் நீளம் ஏறக்குறைய 50 முதல் 55 மில்லிமீட்டர் ஆன பிறகுதான் முதல் சினை பிடிக்கிறது. பிடிபட்டதில் பெரும்பகுதி அதற்குக் கீழே இருந்தால், ஒருமுறைகூடக் குஞ்சு விடாததைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

ஒன்றிய அரசு 2003-இல் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வைத்தது. ஹோமாரஸுக்கு 200 கிராம், ஆர்னேட்டஸ் இனத்துக்கு 500 கிராம். நல்ல விதிதான். ஆனால் அது பிடிப்பதைத் தடுக்கவில்லை, வெளிநாட்டுக்கு அனுப்புவதை மட்டும் தடுக்கிறது. 120 கிராம் சிங்கி உள்ளூர் ஓட்டலுக்குப் போய்விடுகிறது. 61 நாள் தடைக்காலமும் சிங்கியைக் காப்பதில்லை. அந்தத் தடை விசைப்படகுகளுக்கு. இழுவை மடி (இழுத்துப் பிடிக்கும் வலை) கிழிந்துவிடும் என்று பாருக்கு மேல் மடி இழுக்க மாட்டார்கள், அங்கே வலை போடுவது தடையில்லாத நம்ம வள்ளம்தான். இதைச் சொன்னால் நம்ம ஆட்களுக்கே கோபம் வரும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சினைச் சிங்கியை விடுவது இன்னும் முக்கியம். ஒரு பெண் லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும். முட்டை முதலில் ஆரஞ்சு நிறம், பொரிக்கப்போகும்போது பழுப்பு. பொரித்த குஞ்சு மாதக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து, பிறகுதான் பாரில் வந்து ஒண்டும். இவ்வளவு நீண்ட குஞ்சுப் பருவம் இருப்பதால்தான் நம்ம நாட்டில் வணிக அளவில் பொரிப்பகம் வரவில்லை, தொட்டியில் வளர்க்க எடுக்கும் குட்டியும் கடலில் பிடித்ததுதான். சினையைச் சுரண்டிவிட்டு விற்றாலும் வயிற்றடித் துடுப்பின் மயிரில் மிச்சம் ஒட்டியிருக்கும், வாங்குபவர் பார்க்கலாம். மும்பைக் கடலில் தட்டைச் சிங்கியைச் சினையும் குட்டியுமாக இழுவை மடியில் அள்ளினார்கள். 1990-களின் நடுவில் அந்தத் தொழிலே நின்றுபோனது.

வலையும் மாற வேண்டும். டிஸ்கோ வலையில் (மூன்று அடுக்கு நைலான் வலை) சிக்கியதைப் பிரிக்கும்போது காலும் மீசையும் ஒடிகின்றன. உயிரோடு, உறுப்பு குறையாமல் இருந்தால்தான் நல்ல விலை. திரும்ப விட்டாலும் கால் ஒடிந்தது தப்பிப்பது கஷ்டம், தப்பினாலும் காலை முளைக்கவைக்கவே சத்து போய் வளர்ச்சி தாமதமாகும். பாரில் மாட்டி அறுந்த நைலான் வலையோ ஆளில்லாமலேயே பிடித்துக்கொண்டு கிடக்கும். வலைக்குப் பதில் இரை வைத்த பொறிக்கூடு வைத்தால் இந்தத் தொல்லை குறைவு. பக்கவாட்டில் சரியான அளவு இடுக்கு விட்டால் குட்டி தானே வெளியேறிவிடும், சினையானதையும் காயமில்லாமல் எடுத்துவிடலாம். கூட்டுக்கு இரையும் முதலீடும் வேண்டும் என்பது உண்மைதான், மானியம் அதற்குக் கொடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாட்டைப் போலீஸ் இல்லாமலே பல ஊர்கள் காக்கின்றன. 200 கிராமுக்குக் கீழே ஏலம் கிடையாது, சினைச் சிங்கி ஏலம் கிடையாது என்பதையும் ஊர்க்கமிட்டி அதேபோல அறிவிக்கலாம். ஆனால் உவரி விட்டதைக் கூத்தங்குழி பிடித்தால் பயனில்லை, எல்லா ஊரும் ஒரே தேதியில் தொடங்க வேண்டும். வாங்க மாட்டோம் என்று வியாபாரிகளும் அந்தக் கூட்டத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். தராசு ஏலக்காரரிடம் ஏற்கெனவே இருக்கிறது.