சேலஞ்ச் எல்லாம் சரி, பயறை யார் ஊறப்போட்டது?

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் ஒரு ஹெல்த் சேலஞ்ச் ஓடியது. 21 நாள். காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும், பத்தாயிரம் ஸ்டெப்ஸ் நடக்க வேண்டும், மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், சர்க்கரை தொடக்கூடாது, ராத்திரி ஏழரைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தினமும் ஸ்கிரீன்ஷாட் போட வேண்டும். நானும் பெயர் கொடுத்தேன். மாஸ்டர் செக்கப்பில் எனக்கு ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரை டெஸ்டில் 6.1 வந்திருந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அம்மா, பெரியம்மா, மாமா என்று வரிசையாக மாத்திரை போடுகிற குடும்பம் எங்களுடையது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வு 2023-இல் வெளியானபோது இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி, என்னைப் போல வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி என்று படித்தேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று அப்போது தெரியாது.

சேலஞ்ச் பட்டியலைப் படித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து மணிக்கு எழுவது சாதனையா? கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தானே எழுகிறேன்! மோட்டார் போட வேண்டும், பால் காய்ச்ச வேண்டும், அத்தைக்கு மாத்திரைக்கு முன்னால் கஞ்சி வைக்க வேண்டும், மூன்று டப்பா கட்ட வேண்டும். "எழுந்ததும் ஒரு மணி நேரம் உங்களுக்கே உங்களுக்கு" என்று சேலஞ்ச் சொன்னால், என் வீட்டுக் கணக்கில் அது நாலு மணிக்கு எழுவது. அப்புறம் தூக்கம்? அதுவும் ஏழு மணி நேரம் வேண்டும் என்று அதே பட்டியலில் கடைசி வரியில் இருக்கிறது.

குரூப்பில் விடிந்ததும் முதலில் வந்து விழுந்த சூரிய உதய போட்டோக்கள் எல்லாம் ஆண்களுடையவை. அவர்களைக் குறை சொல்லவில்லை, உண்மையாகவே நடந்தார்கள். ஆனால் ஒரு நண்பர் தினமும் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து போட்டோ போடுவார். தினை உப்புமா, வட்ட வட்டமாக வெட்டிய வெள்ளரிக்காய், முளைகட்டிய பச்சைப்பயறில் தேங்காய்த் துருவலும் கொத்தமல்லியும் தூவிய சுண்டல். கீழே "என் டிசிப்ளின்" என்று ஒரு வரி, நாற்பது கைதட்டல். பயறு தானாக ஊறி, தானாகத் துணியில் கட்டிக்கொண்டு முளைவிட்டு, தாளிப்பும் போட்டுக்கொண்டு டப்பாவில் ஏறி உட்காராது. அவர் மனைவியும் எங்கள் வங்கியில்தான், வேறு கிளையில் வேலை பார்க்கிறார். அவர் அந்த சேலஞ்சில் சேரவில்லை. சேர நேரம் இருந்திருக்காது.

அடுத்த தடவை பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் குரூப்பில் எழுதினேன்: அவரவர் டப்பாவை அவரவரே கட்ட வேண்டும். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அட்மின் "பரிசீலிக்கிறோம் மேடம்" என்றார்.

இது என் வீட்டு வயிற்றெரிச்சல் மட்டும் இல்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவழிப்பது ஒரு நாளைக்கு 289 நிமிடம். அதே வேலையைச் செய்கிற ஆண்கள் 88 நிமிடம். கிட்டத்தட்ட 200 நிமிட வித்தியாசம். வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாள் வித்தியாசத்தில் ஒரு வாரத்து வாக்கிங் அடங்கிவிடும், மேலே ஒரு காபியும் குடிக்கலாம்.

இந்த எண்கள் மேல் நமக்கு இருக்கிற பக்தியும் எனக்குப் புரியவில்லை. 21 நாள் எங்கிருந்து வந்தது? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். "குறைந்தது" எங்கேயோ உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தபோது, ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊற சராசரியாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது என்பதும் அதே ஆய்வில்தான். எங்கள் குரூப்பிலோ ஒரு நாள் ஸ்கிரீன்ஷாட் வரவில்லை என்றால் ஆளையே தூக்கிவிட்டார்கள். பத்தாயிரம் ஸ்டெப்ஸும் அப்படித்தான். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965-இல், ஒரு ஜப்பானியக் கம்பெனி நடையை எண்ணும் கருவி விற்க வைத்த பெயர் அது. வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடத்திய, 2019-இல் வெளியான ஆய்வில், 4,400 ஸ்டெப்ஸ் நடந்தவர்களுக்கே பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு, ஹெச்பிஏ1சி காட்டுவது இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரி. 21 நாள் தவம் அதில் முழுசாகத் தெரியக்கூடத் தெரியாது.

தண்ணீர் விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளையில் இருக்கிற ஒரே பாத்ரூமின் லட்சணம் தெரிந்த எந்தப் பெண்ணும் மூன்று லிட்டர் குடிக்க மாட்டாள். அதைச் சரிசெய்துவிட்டு சேலஞ்ச் வையுங்கள்.

லாலி ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அதில் கலந்துகொண்டவர்கள் கடிகாரத்தை நம்பவில்லை. தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு புதுப் பழக்கத்தை முடிச்சுப் போட்டார்கள். என் வீட்டில் எட்டு மணி எட்டாகவே இருக்காது, ஆனால் ராத்திரிச் சாப்பாடு எப்படியும் நடக்கும். அதனால் கை கழுவியதும் நேராக மொட்டை மாடி, கால் மணி நேரம் நடை. சாப்பிட்டதும் நடந்தால் தசைகள் அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

பிரச்சினை மாடியில் இல்லை, சிங்க்கில். "எச்சில் பாத்திரத்தைப் போட்டுட்டுப் போகக்கூடாதும்மா, லட்சுமி தங்க மாட்டா" என்றார் அத்தை. "அம்மா, பாத்திரம் அப்படியே கிடக்கு" என்று பையன் படிக்கட்டு வரை வந்து செய்தி வாசித்தான். "கிடக்கட்டும்டா" என்றேன். முதல் வாரம் நான் இறங்கி வரும் வரை கிடந்தது, நானே கழுவினேன். அப்புறம் ஒரு நாள் வீட்டுக்காரர் அத்தையிடம், "விடுங்கம்மா, நான் தேய்ச்சிடறேன்" என்றார். இன்றைக்கு அவருக்கு அது பழக்கமாகவே ஆகிவிட்டது. அடிப்பிடித்த வாணலியை மட்டும் தண்ணீர் ஊற்றி "ஊறட்டும்" என்று விட்டுவிடுவார். அது காலை வரை ஊறும், எனக்காக. பரவாயில்லை, அதற்கும் 66 நாள் கொடுத்துப் பார்க்கலாம்.

சாயங்காலக் காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். நாலு நாள் கஷாயம், அப்புறம் காபி. வேறு பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் 5.8. இன்னும் வாசலில்தான் நிற்கிறேன், ஓரமாக.

டயட்டீஷியனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதல் தடவை போனபோது எனக்கு முன்னால் இருந்த ஆண் நோயாளிகளிடம் "வீட்டம்மாவை உள்ள கூப்பிடுங்க சார்" என்று அழைத்து, சார்ட்டை அந்த அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். எத்தனை கரண்டி எண்ணெய், எந்த அரிசி, எல்லாம் அவருக்குத்தான் பாடம். சாப்பிடப் போகிறவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் முறை வந்ததும் சார்ட் என் கையில் வந்தது, அவ்வளவுதான். வீட்டில் யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை.

அடுத்த தடவை நானே வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். டயட்டீஷியன் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பேனாவை எடுத்துக்கொண்டே கேட்டார்:

"சாருக்கும் சுகரா?"