நம்மாளுன்னா வாய் தவறிடுச்சு, அவன்னா உளறல்

சைதாப்பேட்டையில் நிம்மதியா ஒரு டீ குடிக்க முடியலப்பா. ஸ்டாலின் 'பூனை மேல் மதில்'னு மாத்திச் சொன்னதை இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார் ஒரு பெரியவர். சரி சார், 2017-ல கம்பராமாயணத்தை சேக்கிழார் எழுதினார்னு எடப்பாடி பேசினாரேன்னு கேட்டா, கிளாஸை டொக்குன்னு வெச்சிட்டு, "மைக் முன்னாடி தடுமாறுறது சகஜம் தம்பி!" எதிர் பெஞ்ச்காரர் மட்டும் என்ன யோக்கியம்? சேக்கிழாருக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சவர், பூனை வந்ததும் பேப்பருக்குள்ள தலையை விட்டுட்டார்.

தற்பெருமைக்கும் இதே கதைதான். தண்ணி பாட்டில்ல 'அம்மா'ன்னா விளம்பர வெறி, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல 'கலைஞர்'னா நன்றிக்கடன். ஆளை மாத்திக் கேளுங்க, அப்படியே உல்டா. 2015-ல தன் பேரையே கோடு கோடா நெய்த கோட்டைப் போட்டாரே பிரதமர்? "அது பரிசா வந்ததுங்க!" அடேங்கப்பா. நம்ம கட்சியில கால்ல விழுந்தா மரியாதை, அங்க விழுந்தா அடிமைத்தனமாம். முட்டி மடங்குறது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானேய்யா?

இதைச் சொன்னா உடனே, "அப்போ நீ அந்தப் பக்கமா?" ரெண்டு பேருமே கேட்கிறாங்க. ரெண்டு பேருமே!