சவரம் செய்தால் பெண்களுக்குத் தாடி முளைக்குமா?

‘தாடையில் ஓரிரு முடி தென்படும் பெண்கள் ஒருமுறை சவரம் செய்துவிட்டால் அது ஆண்களின் தாடிபோல் தடித்து வளரும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் தகவல் தவறானது. சவரக்கத்தி தோலுக்கு மேலே உள்ள உயிரற்ற பகுதியை மட்டுமே வெட்டுகிறது. வேரை அது தொடுவதே இல்லை என்பதால், வெட்டுப்பட்ட நுனி மழுங்கிச் சொரசொரப்பாகத் தோன்றுமே தவிர, முடி தடிப்பதில்லை. ஆண்களின் முகமுடியை ஆராய்ந்து அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் இதை 1928இலேயே காட்டிவிட்டார். வதந்திதான் இன்னும் ஓயவில்லை.

பெண்களின் முகத்தில் முரட்டு முடி வளரப் பெரும்பாலும் காரணமாக இருப்பது பிசிஓஎஸ் (PCOS) எனும் சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு. பலருக்கு அதில் மிகுந்துவிடும் இன்சுலின் சினைப்பையைத் தூண்ட, ஆண்தன்மை ஹார்மோனான ஆண்ட்ரோஜன் கூடி, மெல்லிய பூனைமுடியைக் கருத்த முரட்டு முடியாக மாற்றுகிறது. மாதவிடாயும் தவறினால் மருத்துவரை அணுக வேண்டும். மருந்தின் பலன் தெரிய 6 மாதமேனும் ஆகும், அதுவரை சவரம் செய்வதில் தவறில்லை.